தொண்ணூறாம் நாள் தீர்மானம்

வித்யாலட்சுமி கொல்லப்பட்ட நான்காம் நாள் காலை, துக்கம் விசாரிக்க மந்திரி வந்தார். அவர் வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில், ஏ.எஸ்.ராவ் நகரில் ஜம்புநாதன் குடியிருந்த சந்தில் பல வருஷமாக வாய் பிளந்து கிடந்த பள்ளத்தை மூடினார்கள். எரியாத தெருவிளக்கை எரிய வைத்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகளைக்கூட ஒரு போலீஸ்காரர் ஜோடி சேர்த்து அடுக்கினார். அரசாங்கம் மனது வைத்தால் எத்தனை வேகமாக வேலை நடக்கும் என்பதை ஜம்புநாதன் அறுபத்தொரு வயதில் அன்றுதான் நேரில் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து சிகந்தராபாத்துக்கு வந்த குடும்பம் அவருடையது. வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு, கோபம் வந்தால் இந்தி. பெரிய மின்னணு ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோதித்துப் பார்க்காமல் எந்தப் பொருளிலும் முத்திரை குத்தக் கூடாது என்பதுதான் அந்த வேலை அவருக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். ஒரே மகள் வித்யாலட்சுமி. இருபத்தாறு வயது. பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வகத்தில் வேலை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஆலை வேனில் ஏறியவள் வீடு வந்து சேரவில்லை. மறுநாள் காலை வெளிவட்டச் சாலை ஓரத்துப் புதரில் அவள் உடல் கிடைத்தது. அதற்கு அடுத்த நாள் வேன் டிரைவரைப் பிடித்தார்கள். கழுவித் துடைத்த வேனில், சீட்டுக்கு அடியில் அவள் மூக்குக்கண்ணாடி இருந்தது.

மந்திரி ஜம்புநாதனைக் கட்டிப்பிடித்தார். கேமராக்காரர் சரியாக விழவில்லை என்று சைகை காட்டியதால் இன்னொரு முறை கட்டிப்பிடித்தார். அந்தக் கயவனைத் தூக்கில் போடும்வரை இந்த அரசு உறங்காது என்றார். ஜம்புநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தடய அறிவியல் கூடத்திலிருந்து ரிப்போர்ட் எப்போது வரும், கேஸ் எப்போது கோர்ட்டுக்குப் போகும் என்று தெலுங்கில் கேட்டார். மந்திரி தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஜம்புநாதனுக்கு எழுத்து நன்றாகவே தெரிந்தது. 'தந்தை தூக்குக் கோருகிறார்' என்று எழுதியிருந்தது.

மதியம் எதிர்க்கட்சித் தலைவர் வந்தார். சிறைக்குள்ளே ரகசியமாகத் தூக்கில் போடுவது இந்த அரசின் கையாலாகாத்தனத்தைக் காட்டுகிறது, எங்கள் ஆட்சி வந்தால் மைதானத்தில் வைத்துப் போடுவோம் என்றார். சாயங்காலம் மூன்றாவது கட்சியின் இளைஞரணித் தலைவர் வந்தார். அவர் இருபத்தோரு நாளுக்குள் போட வேண்டும் என்றார். ராத்திரிச் செய்தியில் மந்திரி இருபது நாள் என்றார். எதிர்க்கட்சித் தலைவர் பதினைந்து. அதற்குள் ஒரு நடிகர் ஏழு நாள் என்று பதிவு போட்டு, மூவரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டார். ஏலம் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் ஜம்புநாதன் டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் சுருக்குக் கயிறு ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. அதன் கீழே சமையல் எண்ணெய் விளம்பரம்.

"நக்கோ, வேணாம், அணைச்சுடுங்க," என்றாள் அவர் மனைவி கனகம். நான்கு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

இரண்டாம் வாரம், தூக்கு விஷயத்தில் அரசு தயங்குகிறது என்று எதிர்க்கட்சி ஊர்வலம் போனது. தயங்கவில்லை என்று காட்ட அரசு ஒரு குழு போட்டது. அதன் பெயர் 'கொடுங்குற்றங்களுக்கு மரண தண்டனையைக் கட்டாயமாக்குவது குறித்து மக்கள் கருத்தறியும் மாநில உயர்மட்டக் குழு'. பதினான்கு உறுப்பினர்கள். தலைவர் அனந்தராமி ரெட்டி, ஓய்வுபெற்ற அரசுச் செயலர். பணியில் இருந்த காலத்தில் ஆறு குழுக்களுக்குத் தலைமை வகித்து ஆறு அறிக்கைகளையும் உரிய காலத்தில் சமர்ப்பித்தவர் என்று பத்திரிகைகள் பாராட்டி எழுதின. அந்த ஆறு அறிக்கைகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

குழு உட்கார இடம் வேண்டியிருந்தது. பெண்களுக்கு எதிரான வழக்குகளை விரைவாக விசாரிக்க என்று அமைத்த தனி நீதிமன்றத்தின் கூடம் அப்போதுதான் ஏ.சி. போட்டுத் தயாராகியிருந்தது. அதைக் குழுவுக்குக் கொடுத்து, அங்கிருந்த வழக்குகளைப் பழையபடி பொது நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். சட்டம் தெரிந்த ஒருவர் குழுவுக்குச் செயலராக வேண்டும் என்றதும், வித்யாலட்சுமியின் வழக்கை நடத்த வேண்டிய அரசு வழக்கறிஞரையே எடுத்துக்கொண்டார்கள். கருத்தறியும் கூட்டங்களுக்குப் பந்தோபஸ்து வேண்டும் என்றதும், வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் யாதய்யாவை அந்தப் பணிக்கு மாற்றினார்கள். இந்த வழக்கை நன்றாக அறிந்தவர்கள் குழுவுக்குத் துணையாக இருப்பது பொருத்தம் என்று ஆணையில் காரணமும் எழுதியிருந்தது. ஜம்புநாதனைச் 'சிறப்பு அழைப்பாளர்' ஆக்கி ஓர் அடையாள அட்டை அனுப்பினார்கள். அதில் அவர் பெயருக்கு முன்னால் 'திரு', பின்னால் 'பாதிக்கப்பட்டவர்'.

குழு சுறுசுறுப்பாக வேலை செய்தது. முதல் மாதத்துக்குள் நான்கு துணைக்குழுக்கள் பிறந்தன. தூக்குமேடை எந்த மாவட்டத்தில் அமைய வேண்டும் என்று ஆராய்வது ஒரு துணைக்குழுவின் வேலை. எங்கள் தொகுதி எல்லாவற்றிலும் புறக்கணிக்கப்பட்டிருக்கிறது, தூக்குமேடையாவது எங்களுக்கு வர வேண்டும் என்று மூன்று எம்.எல்.ஏ.க்கள் தனித்தனியாக மனுக் கொடுத்தார்கள். ஒருவர் அதனால் உள்ளூரில் முப்பது பேருக்கு வேலை கிடைக்கும் என்று கணக்கே காட்டியிருந்தார். மேடைக்கு எந்தத் தலைவரின் பெயரை வைப்பது என்பதில் துணைக்குழு இரண்டாகப் பிளந்தது. இன்னொரு துணைக்குழு, தூக்குப் போடுபவர் பணியிடம் ஒன்றுக்கு விளம்பரம் கொடுத்தது. நாற்பதாயிரம் விண்ணப்பம் வந்தது. அதில் ஆறாயிரம் பேர் பொறியியல் பட்டதாரிகள். எழுத்துத் தேர்வு வைத்தார்கள். வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டது. தேர்வை ரத்து செய்து, வினாத்தாளைத் திருடியவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்று தேர்வு எழுதியவர்கள் மறியல் செய்தார்கள்.

ஐந்தாம் வாரம் ஜம்புநாதன் தடய அறிவியல் கூடத்துக்குப் போனார். சிறப்பு அழைப்பாளர் அட்டையைக் காட்டியதும் உள்ளே விட்டார்கள். அங்கே ஓர் அதிகாரி, நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மேஜையிலும் தரையிலும் கயிறு. சணல், பருத்தி, நைலான், வெண்ணெய் தடவியது, தடவாதது. மெஷினில் ஒரு கயிறு இழுபட்டுக்கொண்டிருந்தது.

ஜம்புநாதன் அதைக் காட்டி என்ன என்று கேட்டார். உயர்மட்டக் குழு கேட்டிருக்கிறது என்றார் அதிகாரி. எந்தக் கயிறு எத்தனை கிலோ தாங்கும், எத்தனை தடவை உபயோகிக்கலாம் என்று பதினேழு மாதிரிகளுக்கு அறிக்கை தர வேண்டுமாம். 'மிக அவசரம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி வந்திருக்கிறதாம்.

"என் பொண்ணு கேஸ் பார்சல்?"

அதிகாரி எழுந்து, சுவரோரத்து அலமாரியைக் காட்டினார். அரக்கு முத்திரை உடையாமல் ஒரு பெட்டி இருந்தது. மேலே வழக்கு எண். முப்பத்து நான்கு வருஷம் எண்களைப் பார்த்தே பழகிய ஜம்புநாதனுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அதற்குள்தான் வித்யாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. மூன்று பேர்தான் சார் நாங்கள், மூன்று பேரும் கயிற்றில் இருக்கிறோம் என்றார் அதிகாரி. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். இழுபட்டுக்கொண்டிருந்த கயிறு பட்டென்று அறுந்தது. உதவியாளர் ஒருவர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஜம்புநாதன் கனகத்திடம் இதைச் சொல்லவில்லை. லேபில் வேலை நடக்கிறது என்று மட்டும் சொன்னார். அது பொய் இல்லை என்பதுதான் அவரை இன்னும் எரித்தது.

ஒன்பதாம் வாரம் அவர்கள் பேட்டையிலேயே, ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்தறியும் கூட்டம் நடந்தது. வாசலில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். 'கட்டாய மரண தண்டனை வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம். ஜம்புநாதன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மண்டபத்தின் சாப்பாட்டு விலைப்பட்டியல் இருந்தது. அவர் பேனாவை எடுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, 'முதலில் வழக்கை நடத்தவும்' என்று எழுதி டிக் அடித்தார். படிவம் வாங்கிய குமாஸ்தா கம்ப்யூட்டரில் மூன்றாவது கட்டம் இல்லை என்றார். ஆகவே இது செல்லாது. ஆனால் பாதிக்கப்பட்டவரின் படிவம் செல்லாமல் போனால் நன்றாக இருக்காது. ஆகவே அவரே 'வேண்டும்' என்று மாற்றிப் போட்டுக்கொண்டார்.

முதலில் மரண தண்டனை எதிர்ப்பாளர் ஒருவர் பேசினார். பேராசிரியர். குற்றவாளி என்று தனியாக யாரும் இல்லை, நாம் எல்லோரும்தான் குற்றவாளிகள் என்றார். இறந்து போன பெண்ணை அவர் 'இந்தச் சம்பவம்' என்றே குறிப்பிட்டார். இந்தச் சம்பவத்தின் தந்தை அவனை மன்னிப்பதாக மேடையில் அறிவித்தால் நாட்டுக்கே முன்னுதாரணமாக இருக்கும் என்றார். பிறகு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

கடைசியில் தலைவர் அனந்தராமி ரெட்டி பேசினார். ஜம்புநாதன் கையைத் தூக்கி, கொலைக்கு மரண தண்டனை ஏற்கனவே சட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்களே, அப்படியிருக்க இந்தக் குழு எதற்கு என்று கேட்டதால்தான் அந்தப் பேச்சு வந்தது. தலைவருக்குக் கோபமே வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களிடம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று குழுவின் விதிமுறையில் இருந்தது.

"நல்ல கேள்வி. சட்டத்தில் இருப்பது வேறு, நாம் கேட்டு வாங்குவது வேறு. சட்டத்தில் இருப்பதை ஒரு நீதிபதி, சாட்சி, தடயம், விசாரணை என்று நூறு விஷயம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். கொடுக்காமலும் போவார். அதில் அரசாங்கத்துக்கு என்ன பெருமை? மக்கள் கோபமாக இருக்கிறார்கள். கோபத்துக்கு வடிகால் வேண்டும். வடிகால் அமைப்பது அரசின் கடமை. வழக்கு ஒருவருக்குத்தான் நீதி கொடுக்கும். விவாதம் நாலு கோடிப் பேருக்குத் திருப்தி கொடுக்கும். எது பெரியது, நீங்களே சொல்லுங்கள்."

கூட்டம் கைதட்டியது. ஜம்புநாதன் சுற்றிலும் பார்த்தார். அவருக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர், மாடி வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள். அவர்கள் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதைப் பார்த்து அவருக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது ஒரு பெண் அவரிடம் வந்து தமிழில் பேசினாள். பெயர் சுபாஸ்ரீ. திருச்சிக்காரி. இங்கே வக்கீலாக இருக்கிறாள். பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் கட்டணம் இல்லாமல் ஆஜராகும் குழுவில் வேலை. மூன்றாவது கட்டம் வரைந்ததைப் பார்த்தேன் என்றாள்.

"சார், உங்க இன்ஸ்பெக்டர் குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணிட்டாரா?"

"தெரியலம்மா. யாரும் அதப் பத்திச் சொல்லல."

"அவனை ரிமாண்ட் பண்ணி இன்னிக்கு அம்பத்தெட்டு நாள். தொண்ணூறு நாளுக்குள்ள குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகலேன்னா, அவன் கேட்ட உடனே ஜாமீன் குடுத்தாகணும். ஜட்ஜ் நினைச்சாலும் மறுக்க முடியாது. சட்டம் அப்படி."

நாடே தூக்கு வேண்டும் என்று கேட்கும் ஒருவனை எப்படி வெளியே விடுவார்கள் என்று ஜம்புநாதன் கேட்டார். நாடு கேட்கலாம், யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே என்றாள் சுபாஸ்ரீ. பிறகு இன்னொன்றும் சொன்னாள்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன் சார். எனக்குத் தூக்குத் தண்டனைல நம்பிக்கை கிடையாது. உங்களுக்கு இருக்கலாம். அதுல உங்ககிட்ட நான் சண்டை போட மாட்டேன். ரெண்டு பேருக்கும் முதல்ல குற்றப்பத்திரிகை வேணும்."

இந்த இரண்டு மாதத்தில் அவரிடம் யாரும் இப்படிப் பேசவில்லை. அவர் அன்றே அவளுக்கு வக்காலத்துக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஜம்புநாதனின் வேலை இன்ஸ்பெக்டர் யாதய்யாவைத் தேடுவதாக ஆனது. காவல் நிலையத்தில் அவர் இல்லை. கருத்தறியும் கூட்டம் மல்லாபூரில் என்றார்கள். மல்லாபூருக்குப் போனால், கூட்டம் முடிந்து ஊர்வலத்துக்குப் போயிருந்தார். கடைசியில் எழுபத்தாறாம் நாள், எதிர்க்கட்சிப் பொதுக்கூட்ட மேடைக்குப் பின்னால் யாதய்யாவைப் பிடித்தார். மேடையில் ஒருவர், அந்தக் கயவனை இன்னும் ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கர்ஜித்துக்கொண்டிருந்தார். அந்தக் கர்ஜனைக்குக் காவலாக யாதய்யா வெயிலில் நின்றிருந்தார்.

கெட்ட மனுஷர் இல்லை. கேஸ் கட்டு ஜீப்பிலேயே இருக்கிறது என்றார். பாதி எழுதிவிட்டார். எழுபத்தாறு நாளில் ஐம்பத்தொரு நாள் பந்தோபஸ்து. லேப் ரிப்போர்ட் வரவில்லை. ரிப்போர்ட் இல்லாமலே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சுபாஸ்ரீ சொல்லிக்கொடுத்ததை ஜம்புநாதன் சொன்னார். யாதய்யா அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அரசு வழக்கறிஞர் படித்துப் பார்த்துச் சுருக்கொப்பம் போடாமல் எந்தக் குற்றப்பத்திரிகையும் போகக் கூடாது என்று இலாகா சுற்றறிக்கை இருக்கிறது. அரசு வழக்கறிஞர் உயர்மட்டக் குழுவோடு வேறு மாநிலங்களின் தூக்குமேடைகளைப் பார்வையிடப் போயிருக்கிறார். எண்பத்தொன்பதாம் நாள்தான் வருகிறார்.

"நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பக் கூடாதா?"

"போடலாம். நாளைக்கு ஏதாவது தப்பானால், தூக்கிலிருந்து அவனைத் தப்பிக்க விட்டது யாதய்யா என்று டீவியில் வரும். எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள், சார்."

ஆனாலும் அந்த வாரமே மீதியை எழுதி முடித்தார். முந்நூறு பக்கம். ஒரு சுருக்கொப்பம்தான் பாக்கி.

தொண்ணூறாம் நாள், மரண தண்டனைத் தீர்மானத்துக்காகச் சட்டசபையின் சிறப்புக் கூட்டம். முந்தின நாள் நள்ளிரவில்தான் ஊர் திரும்பியிருந்த அரசு வழக்கறிஞர் அதிகாரிகள் மாடத்தில் இருந்தார். யாதய்யாவுக்குச் சட்டசபையிலேயே பந்தோபஸ்து. கேஸ் கட்டு வெளியே ஜீப்பில். ஜம்புநாதனுக்குப் பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் இடம் என்று அழைப்பிதழ் வந்திருந்தது. சுபாஸ்ரீ மாவட்ட நீதிமன்றத்தில் காத்திருந்தாள். எப்படியாவது ஒப்பம் வாங்கி நான்கு மணிக்குள் ஜீப்பை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். மகளைக் கொன்றவனை உள்ளே வைத்திருக்க அவர் செய்ய வேண்டிய காரியம், ஒரு மாடத்திலிருந்து இன்னொரு மாடத்துக்கு முப்பதடி நடப்பதுதான்.

அதற்கு அனுமதி இல்லை என்றார் காவலர். பார்வையாளர் இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சீட்டு எழுதி அனுப்பலாமா என்று கேட்டார். பேனா, காகிதம் உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. கையை ஆட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். எதிர் மாடத்தில் அரசு வழக்கறிஞர் அவரைப் பார்த்தார். பாதிக்கப்பட்டவர் தனக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து, உருக்கமாகக் கைகூப்பினார்.

பேச்சுகள் ஆரம்பித்தன. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், எங்கள் முதல்வரின் ஆட்சியில்தான் தூக்கு என்ற சொல்லுக்கே மரியாதை வந்தது என்றார். எதிர்க்கட்சி உறுப்பினர் குறுக்கிட்டு, தூக்கை முதலில் கேட்டவர்கள் நாங்கள், தேதி, நேரத்தோடு ஆதாரம் இருக்கிறது என்றார். யார் முதலில் கேட்டது என்பதில் அவை முக்கால் மணி நேரம் அமளியில் இருந்தது. தன்மேலேயே குற்றச்சாட்டு இருந்த ஓர் உறுப்பினர், பெயர் சொல்லாமல் தன் வழக்கைக் குறிப்பிட்டு, அரசியல் வழக்குகளுக்கு இந்தத் தீர்மானம் பொருந்தாது என்று தெளிவுபடுத்தக் கோரினார். அதை எல்லாக் கட்சிகளும் மேஜையைத் தட்டி வரவேற்றன. வித்யாலட்சுமியின் பெயரை ஒருவர் விஜயலட்சுமி என்றார். அடுத்துப் பேசிய நான்கு பேரும் அவரைப் பின்பற்றினார்கள்.

மணி மூன்று அடித்தது. ஜம்புநாதன் எழுந்தார். எழுந்திருக்க வேண்டும் என்று அவர் தீர்மானிக்கவே இல்லை. கால்கள் எழுந்துவிட்டன. தெலுங்கில்தான் பேசினார்.

"என் பெண் பெயர் வித்யாலட்சுமி. இன்றைக்குத் தொண்ணூறாவது நாள். குற்றப்பத்திரிகை எங்கே? அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அது போதும். நீங்கள் எதையும் நிறைவேற்ற வேண்டாம்."

பிறகு எல்லாம் மிக விரைவாக நடந்தது. பார்வையாளர் குரல் எழுப்பியது அவையின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று ஆளுங்கட்சிக் கொறடா எழுந்தார். எதிர்க்கட்சிக் கொறடா வழிமொழிந்தார். உரிமை மீறல் என்று சபாநாயகர் தீர்ப்பளித்தார். அவை கலையும்வரை அந்த நபரைக் காவலில் வைக்கத் தண்டனை விதித்தார். குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் சேர்ந்து நான்கு நிமிஷம். மாநிலத்தில் அந்தக் கொலை தொடர்பாகத் தண்டனை பெற்ற முதல் ஆள் ஜம்புநாதன்தான்.

அவரைக் கொண்டுபோய் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். காவலுக்கு யாதய்யாவையே போட்டார்கள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் இருந்த டீவியில் அவை நடவடிக்கை ஓடியது. கேஸ் கட்டை எடுத்து வாருங்கள், நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று ஜம்புநாதன் திரும்பத் திரும்பச் சொன்னார். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. பழைய ஆலையில் கீழே இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். யாதய்யா இரண்டு முறை கதவுவரை போய்த் திரும்பி வந்தார். காவலில் உள்ளவரை விட்டுவிட்டுப் போனால் அது தனிக் குற்றம்.

உறுப்பினர்கள் எல்லோரும் பேச விரும்பியதால் அவை கலைய ஏழு மணியாயிற்று. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அரசு வழக்கறிஞரை வாசலில் மறித்தபோது அவர் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார். பத்து விநாடிகூட ஆகவில்லை. இதற்கா இத்தனை பதற்றம், காலையில் முதல் வேலையாகத் தாக்கல் செய்துவிடலாம் என்று முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு வேன் டிரைவரின் வக்கீல் ஜாமீன் மனுவைக் கொடுத்துவிட்டார். குற்றப்பத்திரிகையோடு ஜீப் வந்து சேர்ந்தபோது பதினொன்று பத்து. வழியில், தீர்மானத்தைக் கொண்டாடும் ஊர்வலம் சாலையை அடைத்திருந்தது. மாஜிஸ்திரேட் முந்நூறு பக்கத்தையும் கையில் தூக்கிப் பார்த்தார். அரசுத் தரப்பைப் பார்த்து, எனக்கு வேறு வழி வைக்காமல் செய்துவிட்டீர்கள் என்று மட்டும் சொன்னார். ஜாமீன் கொடுத்தார். திங்கட்கிழமைதோறும் கோர்ட்டில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. வழக்கின் முதல் வாய்தா எட்டு மாதம் தள்ளி. தனி நீதிமன்றக் கூடம் இன்னும் காலியாகவில்லை. உயர்மட்டக் குழுவின் பதவிக்காலத்தை நீட்டித்திருந்தார்கள்.

அன்று பகல் முழுவதும் ஜம்புநாதனின் போன் அடித்தது. தீர்மானம் நிறைவேறியதில் திருப்தியா என்று கேட்டார்கள். அவனுக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அது வேறு செய்தி சார், அதற்கு வேறு நிருபர் வருவார் என்றார்கள். யாரும் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஜம்புநாதனும் கனகமும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள். குற்றப்பத்திரிகையின் நகல் வாங்க வேண்டியிருந்தது. மகளுக்கு என்ன நடந்தது என்று முழுக்க எழுதியிருக்கும் காகிதத்தைத் தானே வாங்க வேண்டும் என்று கனகம் பிடிவாதமாகக் கூட வந்திருந்தாள். நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பகல் ஒரு மணி. பட்டான்செரு போகும் ஷேர் ஆட்டோ ஒன்றுதான் நின்றிருந்தது. அங்கே போய்த்தான் வீட்டுக்கு பஸ் மாற வேண்டும்.

"இன்னும் ரெண்டு சீட்டுதான், வாங்கம்மா, உடனே கிளம்பிடும்," என்று டிரைவர் தெலுங்கில் கூப்பிட்டார்.

உள்ளே, கம்பியோரமாக அவன் உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன். தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். ஜம்புநாதன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"அடுத்ததுல போலாம் கனகம்."

"காய்கு? நாம எதுக்கு நிக்கணும்?" என்று பாதி இந்தியில் கேட்டாள்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு ஏறினாள். அவனுக்கு எதிர்சீட்டில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தாள். ஜம்புநாதன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆட்டோ கிளம்பியது. அவனுக்கு அவளைத் தெரியவில்லை. அவள் ஒருநாளும் டீவியில் வந்ததில்லை. இரண்டு கிலோமீட்டர் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகத் தெலுங்கில் சொன்னாள்.

"நான் வித்யாலட்சுமியின் அம்மா. நீதான் வேன் ஓட்டினவன்."

ஆட்டோவில் இருந்த மற்ற ஐந்து பேரும் திரும்பினார்கள். ஷிப்டுக்குப் போகிற ஆட்கள். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்திருந்த ஒரு பெண், அவன் பக்கத்திலிருந்து நகர இடமில்லாமல் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். யாரும் கத்தவில்லை. யாரும் அவனைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. சும்மா பார்த்தார்கள். டிரைவரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கனகம் வேறு எதுவும் பேசவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட அவனால் உட்கார முடியவில்லை. நெடுஞ்சாலையில், வீடு வாசல் இல்லாத இடத்தில், நிறுத்தச் சொல்லி இறங்கினான்.

ஆட்டோ நகர்ந்த பிறகு ஜம்புநாதன் திரும்பிப் பார்த்தார். அங்கே மரம் எதுவும் இல்லை. மந்திரி கைகூப்பி நிற்கும் இரண்டு மாடி உயர பிளெக்ஸ் பலகை மட்டும் இருந்தது. 'சாதித்துக் காட்டினோம்! தூக்குத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேற்றம்' என்று எழுதியிருந்தது. வெயில் சுட்டெரித்தது. அவன் அந்தப் பலகையின் நிழலில் போய் நின்றுகொண்டான்.